பேய்க்கதை: யாருக்கு எவ்வளவு பயம்?

பயம் கூடக் கூடச் சுவையும் கூடும் என்பது தப்புக்கணக்கு. டென்மார்க்கில் 110 பேரை ஒரு திகில் வீட்டுக்குள் அனுப்பி, அவர்களின் இதயத் துடிப்பைப் பதிவு செய்தது ஆர்ஹஸ் பல்கலைக்கழகக் குழு. 2020ல் வெளியான அந்த ஆய்வின்படி, மிகவும் ரசித்தவர்கள் நடுநடுங்கியவர்களும் அல்ல, அசையாமல் நின்றவர்களும் அல்ல. அளவோடு பயந்தவர்களே.

அந்த அளவு ஆளுக்கு ஆள் மாறும். புதியவர்கள் சிரிப்பும் கலந்த ‘காஞ்சனா’ (2011) படத்தில் தொடங்கலாம். சத்தத்தைவிடச் சந்தேகம் பிடிக்கும் என்பவருக்குப் புதுமைப்பித்தனின் ‘காஞ்சனை’ சிறுகதை இருக்கிறது; பேய் உண்டா இல்லையா என்று தீர்த்துச் சொல்லாமலே நடுங்க வைப்பார் மனிதர். (பெயரைத் தவிர இரண்டுக்கும் சம்பந்தமில்லை!) இடைப்பட்டவர்களுக்கு ‘பீட்சா’ (2012), ‘மாயா’ (2015) படங்கள். இந்திரா சௌந்தர்ராஜனின் ‘விட்டுவிடு கருப்பா’ நாவல், ஐயனாரையும் கருப்பசாமியையும் கும்பிட்டு வளர்ந்த சிவகாசி அருகே எம். புதுப்பட்டிப் பக்கத்து வாசகருக்கு இன்னும் நெருக்கமாகவே உறைக்கும்.

படத்தில் திடுக்கிட வைப்பது பெரும்பாலும் ஒலிதான். சத்தத்தைக் குறைத்தால் பயமும் இறங்கும்.

பட்டாசு ஆலை விபத்தை நேரில் கண்ட சிவகாசி வட்டாரக் குடும்பங்களில் திடீர் வெடிச்சத்தம் விளையாட்டல்ல. அங்கே புத்தகமே உத்தமம். பயம் மிஞ்சினால் மூடி வைத்துவிட்டு, மறுநாள் பகலில் விட்ட இடத்திலிருந்து படிக்கலாம்.

வீட்டில் பிள்ளைகள் இருந்தால், 2024 முதல் தணிக்கைச் சான்றிதழில் வரும் யுஏ 7+, 13+, 16+ வயதுக் குறிப்பைப் பார்த்த பிறகே படத்தைப் போடுங்கள்.