சரிவைக் கலைக்காதீர்கள்

புல்லுக்குப் பதிலாக முற்றத்தில் தைம் படர்செடி வளர்க்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் நாற்று எங்கே கிடைக்கும் என்று விசாரிக்கிறார்கள். அது அப்புறம். நல்ல மழை பெய்யும்போது குடையை எடுத்துக்கொண்டு முற்றத்தில் போய் நில்லுங்கள். தண்ணீர் எந்த மூலைக்கு ஓடுகிறது, எங்கே தயங்கி நிற்கிறது, மழை விட்டு எவ்வளவு நேரத்தில் வடிகிறது என்று பாருங்கள். இதைப் பார்ப்பதற்கு முன்னால் ஜேசிபியை வாசலுக்குள் விட்டதற்கு, செடிக்கும் உரத்துக்கும் கொடுத்ததைப்போலப் பல மடங்கு பணத்தைத் திருவனந்தபுரத்தை அடுத்த விழிஞ்ஞத்தில் நான் இழந்தேன். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. என் சொந்தக்காரர்களே வேறு மாதிரி கதை சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். அதனால் நடந்ததை நானே எழுதுகிறேன்.

புல் வேண்டாம் என்று முடிவெடுத்ததில் எனக்கு இன்றைக்கும் சந்தேகம் இல்லை. இந்தப் பக்கத்து நர்சரிகளில் எல்லோரும் வாங்குவது பஃபலோ புல். வெயில் காலத்தில் அது தினமும் தண்ணீர் கேட்கும். மாசி பிறந்தால் எங்கள் கிணற்றில் தண்ணீர் அடிமட்டத்துக்குப் போய்விடும். உங்கள் கிணறும் அப்படித்தான் இருக்கும். கீழே கடற்கரைக் குடியிருப்பில் பெண்கள் குடத்தோடு லாரிக்குக் காத்து நிற்கும் ஊரில், காலையும் மாலையும் குழாயைப் பிடித்துப் புல்லை நனைக்க எனக்கு மனம் வரவில்லை. நாகர்கோவிலில் அம்மா வீட்டு முற்றத்திலும் புல் கிடையாது. சாணி தெளித்துப் பெருக்கிய செம்மண் தரைதான். இங்கே மழைக்கு அந்த மண் கரைந்து தெருவுக்கு ஓடிவிடும் என்பதால் ஏதாவது ஒன்று மூடிக் கிடக்க வேண்டியிருந்தது.

தைம் என்று முதலில் சொன்னது சான்டியாகோவில் இருக்கும் கொழுந்தன். அங்கே தண்ணீர்ப் பஞ்சத்தால் வீட்டுக்கு வீடு புல்லைப் பெயர்த்து எடுக்கிறார்கள். பக்கத்து மாநிலமான நெவாடாவில் 2021-இல் ஒரு சட்டமே போட்டார்கள்: லாஸ் வேகஸ் வட்டாரத்தில் சாலை நடுவிலும் அலுவலக வாசலிலும் அழகுக்காக மட்டும் வளர்க்கும் புல்லுக்கு 2026 முடிந்த பிறகு பொதுக் குழாய்த் தண்ணீர் விடக்கூடாது. இப்படிப் புல்லை எடுத்த இடங்களில் பலரும் தைம் வைக்கிறார்கள். தரையோடு தரையாக நாலைந்து விரல் உயரம் படரும், மிதித்தால் மணக்கும், வெட்ட வேண்டியதில்லை, ஊதாப் பூ பூக்கும். “மயினி, இங்க கோடை முழுக்க ஒரு சொட்டு மழை கிடையாது, அப்பவும் பச்சையா கிடக்கு” என்று படம் எடுத்து அனுப்பினார். அவர் சொன்னதில் பொய் இல்லை. ஆனால் அந்தச் செடி அங்கே பிழைப்பதற்கு அந்த மழையில்லாத கோடையே காரணம் என்பது அவருக்கும் தெரியவில்லை, அவரைக் கேட்டு ஆமாம் போட்ட என் வீட்டுக்காரருக்கும் தெரியவில்லை.

சான்டியாகோவில் வருஷம் முழுவதும் பெய்வது சுமார் 250 மில்லிமீட்டர். அதுவும் குளிர்காலத்தில் பெய்கிறது. தைம் குளிரில் ஈரத்தைக் குடித்து வளரும். வெயிலில் காய்ந்து கிடந்து ஓய்வெடுக்கும். மத்தியதரைக் கடலோரத்துப் பாறைச் சரிவுகளில் பழகிய குணம் அது. திருவனந்தபுரத்தில் வருஷத்துக்கு ஏறக்குறைய 1,800 மில்லிமீட்டர் பெய்கிறது. ஜூன் முதல் வாரத்தில் இடவப்பாதி மழை, ஐப்பசியில் துலாவர்ஷம். இரண்டிலும் வெக்கை குறைவதில்லை; ராத்திரியில்கூடப் பெரிதாகக் குளிர்வதில்லை. மார்கழி முதல் பங்குனி வரை நம் ஊர் வறண்டு கிடப்பதைப் பார்த்து ‘வறண்ட நிலத்துச் செடி நமக்கும் ஆகும்’ என்று நினைக்கிறோம். வறட்சியைத் தாங்கும் செடி புழுக்கத்தையும் தாங்கும் என்று யாரும் எங்கும் சொல்லவில்லை.

நாற்று வாங்கியதையும் நட்டதையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டிலிருந்து விதையைப் பெட்டியில் போட்டுக் கொண்டுவரச் சொல்லாதீர்கள், அனுமதிச் சீட்டு இல்லாமல் அது குற்றம். நீலகிரியில் ரோஸ்மேரியோடு தைமும் பயிர் செய்கிறார்கள், ஆனால் அங்கே பெரும்பாலும் கிடைப்பது சமையலுக்கான ரகம். அது குத்துச்செடியாக நிமிர்ந்து வளரும். படரும் ரகம் வேறு. கேட்டு, தண்டு தரையில் வேர் பிடித்திருக்கிறதா என்று தூக்கிப் பார்த்து வாங்குங்கள். ஒரு சாண் இடைவெளி விட்டு நடுங்கள். முதல் சில மாதம் தண்ணீர் விட வேண்டும். களையைக் கையால் எடுங்கள். எங்கள் பகுதிச் செம்மண் புளித்த மண். தைம் சுண்ணாம்புச் சத்து விரும்பும். மண்ணைப் பரிசோதனைக்குக் கொடுத்து, அவர்கள் சொல்லும் அளவுக்குச் சுண்ணாம்பு போட்டு, சில வாரம் விட்டு நடுங்கள். எங்களுக்குப் பக்கத்திலேயே வெள்ளாயணி வேளாண் கல்லூரி இருக்கிறது, உங்களுக்கும் பக்கத்தில் ஒன்று இருக்கும். இதெல்லாம் எந்தக் கையேட்டிலும் கிடைக்கிற விஷயம்.

எந்தக் கையேட்டிலும் எனக்குக் கிடைக்காதது சரிவைப் பற்றி.

எங்கள் மனை ஐந்தேகால் சென்ட். முல்லூர்ப் பக்கம், மேற்கே கடலைப் பார்த்து இறங்கும் நிலம். அடியில் வெட்டுக்கல்லால் கட்டிய கையாலை, அதாவது மண்ணைத் தாங்கும் சுவர். திருவனந்தபுரம் மாவட்டத்தின் தென்பகுதியில்தான் கேரளத்தின் செம்மண் பெரும்பாலும் இருக்கிறது; வெள்ளாயணி, விழிஞ்ஞம் எல்லாம் அதில் சேர்ந்தவை. ஆழமான மண், குழைந்து விடாத மண், எவ்வளவு மழை பெய்தாலும் உள்ளே வாங்கிக் கீழே அனுப்பிவிடும். அந்தச் சரிவில் பெய்த மழை கையாலைக் கல் இடுக்கு வழியாகக் கசிந்து போவதை எத்தனையோ வருஷமாகப் பார்த்திருக்கிறேன்.

தோட்டம் அமைக்க வந்த ஒப்பந்தக்காரர் முதல் நாளே சொன்னார்: “மேடம், லெவல் பண்ணாம கார்பெட் மாதிரி வராது.” என் வீட்டுக்காரருக்கும் அது பிடித்துப்போயிற்று. சாயங்காலம் நாற்காலி போட்டு உட்கார, கால் ஆடாத சமதரை வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. நான் தயங்கினேன். பக்கத்து வீட்டுச் சேச்சி மதிலுக்கு மேலே எட்டிப் பார்த்து, “டீச்சரே, இந்த மண்ண இளக்கல்லே, மழ வரட்டே” என்றார். அவர் பிறந்து வளர்ந்தது இந்தச் சரிவில். ஒப்பந்தக்காரர் அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. விழிஞ்ஞம் துறைமுக வேலை தொடங்கியதிலிருந்து சுற்றுவட்டாரத்தில் குன்றைச் சீவி மனை போடுவது சாதாரணமாகிவிட்டது. ஜேசிபி கூப்பிட்ட நேரத்துக்கு வருகிறது. மேல்பக்கத்து மண்ணை வெட்டிக் கீழ்ப்பக்கம் கொட்டினார்கள். ரோலர் ஓட்டி இறுக்கினார்கள். மேலே எம்-சாண்டும் தென்னைநார்க் கழிவும் கலந்து நாலு விரல் கனத்துக்குப் பரப்பினார்கள். பார்க்க அழகாக இருந்தது. தை மாதம் நட்டோம், பங்குனிக்குள் செடி ஒன்றோடொன்று கைகோத்துப் படர்ந்தது. கொழுந்தனுக்குப் படம் அனுப்பினோம்.

இடவப்பாதி பிடித்தது. முதல் வாரம் ஒன்றும் தெரியவில்லை. பிறகு நடுவில் வட்டம் வட்டமாகப் பழுப்பேறியது. தொட்டால் இலை கையோடு வந்தது. ஒப்பந்தக்காரர் வந்து பூஞ்சை என்றார், தாமிர மருந்து அடித்தார், அதற்குத் தனியாகப் பணம் வாங்கினார். மறு வாரம் வட்டங்கள் ஒன்றாகச் சேர்ந்தன. நான் மண்வெட்டியை எடுத்துக் கிளறினேன். மேலே பரப்பிய மணல் கலவை சொதசொதவென்று ஊறிக் கிடந்தது. அதற்கு அடியில் ரோலர் இறுக்கிய செம்மண் சுட்ட ஓடுபோல இருந்தது. மழைத் தண்ணீர் கீழே இறங்கவும் வழியில்லை, பக்கவாட்டில் ஓடவும் சரிவில்லை. அந்த நாலு விரல் மணலுக்குள் தண்ணீர் நாள்கணக்கில் நின்று வேரை அழுகவைத்திருக்கிறது. பூஞ்சை வந்தது உண்மைதான். மருந்து அடித்தவர் தண்ணீர் நிற்பதைப் பார்க்கவில்லை, அவருக்கு அதைப் பார்க்கும் எண்ணமும் இல்லை.

இதற்கு எனக்குக் கிடைத்த சாட்சி, கையாலை ஓரமாக ஜேசிபி வாளி எட்டாமல் விட்ட ஒரு பட்டை நிலம். அங்கே பழைய சரிவு அப்படியே இருந்தது. அதே நாற்று, அதே நாள் நட்டது. இடவப்பாதி முழுவதும் அங்கே தைம் சாகவில்லை. ஐப்பசியில் துலாவர்ஷத்துப் புழுக்கத்தில்தான் அதுவும் மெலிந்தது. ஆகவே சரிவைக் கெடுக்காமல் இருந்தால் விழிஞ்ஞத்தில் தைம் கம்பளம் விரித்திருக்கும் என்று நான் சொல்லவில்லை. இந்தப் புழுக்கத்தில் அதற்கு நீண்ட ஆயுள் கிடையாது. ஆனால் செடி போயிருந்தால் செடியின் விலையோடு போயிருக்கும். நிலத்தைக் கெடுத்ததால், இறுகிய மண்ணைக் கடப்பாரையால் உடைத்து, தொழுவுரம் கலந்து, சரிவை மறுபடி உண்டாக்க ஆள் கூலி கொடுத்தே நொடிந்தோம். பழைய மண்ணின் துளைகள் முழுக்கத் திரும்பி வரவில்லை. வீட்டுக்காரர் இன்றைக்கும் ‘செடி சரியில்லை’ என்றுதான் வருகிறவர்களிடம் சொல்கிறார். நாற்காலி விஷயத்தை அவர் சொல்வதில்லை.

அதே ஒப்பந்தக்காரர் அடுத்து விடேலியா வைக்கலாம் என்றார். மஞ்சள் பூப் பூத்துப் படர்கிற அந்தச் செடியைக் கேரளத்தில் சாலையோரம் முழுக்கப் பார்க்கலாம். மத்திய அமெரிக்காவிலிருந்து வந்தது. உலகின் மிக மோசமான 100 ஆக்கிரமிப்பு உயிரினங்கள் என்று பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் வெளியிட்ட பட்டியலில் அதன் பெயரும் உண்டு. வாய்க்காலிலும் தோப்பிலும் இறங்கினால் வேறு எதையும் வளர விடாது. பணம் வாங்கிக்கொண்டு அதை இன்னமும் வீட்டுக்கு வீடு வைக்கிறார்கள். நான் அவரை அனுப்பிவிட்டேன்.

இப்போது எங்கள் முற்றத்தில் இருப்பது பொடுதலை. ஆம், பொடுகுக்கு எண்ணெய் காய்ச்சுகிற அதே பொடுதலைதான். சேச்சி அதை நீர்த்திப்பலி என்கிறார். புஞ்சக்கரி வயல்வரப்பில் கிடந்ததைக் கணுவோடு கிள்ளி வந்து நட்டேன். கணுவுக்குக் கணு வேர் விட்டது. உப்புக் காற்று அதற்கு ஒரு பொருட்டில்லை. மழையில் ஊறினாலும் தாங்குகிறது, மாசியில் வாடினாலும் சாவதில்லை, பேரப்பிள்ளைகள் ஓடினாலும் எழுந்துகொள்கிறது. மயில் வசீகரன் பட்டாம்பூச்சி வந்து முட்டை வைக்கிறது.

கொழுந்தனிடம் இதைச் சொன்னபோதுதான் ஒரு விஷயம் தெரிந்தது. ஜப்பானில் இந்தச் செடியிலிருந்து குராப்பியா என்று ஒரு ரகத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். அதைத்தான் கலிபோர்னியாவில் புல்லுக்கு மாற்றாகப் பாளம் பாளமாக விற்கிறார்கள். நம் வரப்பில் மிதிபடுவதை அங்கே காசு கொடுத்து வாங்குகிறார்கள். ஆனால் ஆஸ்திரேலியாவில் இருக்கும் உறவினர்களுக்கு இந்த யோசனையைச் சொல்லிவிடாதீர்கள்: அங்கே மர்ரி-டார்லிங் ஆற்றுப் படுகைகளில் இதன் நெருங்கிய உறவுச் செடி ஒன்று பெரிய களையாகப் பரவி மேய்ச்சல் நிலத்தை அழித்துக்கொண்டிருக்கிறது.

நீங்கள் எதை நட்டாலும் நான் சொல்லும் வரிசையில் செய்யுங்கள். ஒரு அடி ஆழத்துக்குக் குழி எடுத்துத் தண்ணீர் ஊற்றுங்கள். வடிந்ததும் மறுபடி நிரப்பி ஒரு மணி நேரம் பாருங்கள். ஒரு அங்குலம்கூட இறங்கவில்லை என்றால் தைமை மறந்துவிடுங்கள். வீட்டுச் சுவரிலிருந்து 10 அடிக்கு 3 அங்குலமாவது இறக்கம் இருக்கட்டும். கொத்தனாரிடம் தண்ணீர்க் குழாய் மட்டம் இருக்கும், அதை வைத்து நீங்களே அளக்கலாம். மேடு பள்ளம் உறுத்தினால் மண்வெட்டியால் தட்டிச் சீராக்குங்கள், ரோலரை உள்ளே விடாதீர்கள். இறுகிய மண்ணின் மேல் மணல் பரப்பினால் வடிகால் கிடைக்கும் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். நாற்காலி போடத்தான் வேண்டும் என்றால், அந்த இடத்துக்கு மட்டும் கல் பாவுங்கள். பொடுதலையை வைகாசி முதல் பாதியில், மழைக்குச் சற்று முன்னால் நடுங்கள். பூ இருக்கும் நாளில் தேனீ வரும், சின்னக் குழந்தைகளைச் செருப்பு போடச் சொல்லுங்கள். பூ வேண்டாம் என்றால் வெட்டிவிடுங்கள், வருஷத்துக்கு இரண்டு மூன்று தடவை போதும்.

தைமை நான் கைவிட்டுவிடவில்லை. கையாலை மேல்கல் இடுக்கில், உடைந்த பழைய சுண்ணாம்புக் காரையும் கல்தூளும் நிரப்பி நாலைந்து செடி வைத்திருக்கிறேன். மழை விழுந்த நிமிடமே வடிந்துவிடுகிற இடம், கடற்காற்று எப்போதும் அடித்துக்கொண்டே இருக்கும். இடவப்பாதிக்கு முன்பு பாதியாகக் கத்தரித்துவிடுகிறேன், உள்ளே காற்று நுழையட்டும் என்று. மீன் குழம்புக்கு ஆகாது. கோழி வறுவலுக்குக் கொஞ்சம் கிள்ளிப் போடலாம்.

போன மாதம் ஒப்பந்தக்காரர் போன் செய்தார். சௌவரையில் ஒரு வீட்டுக்குப் பொடுதலைக் கணு வேண்டுமாம், கட்டுக்கு விலை சொல்லச் சொன்னார். நிலம் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். லெவல் பண்ணி ரெடியாக இருக்கிறது என்றார். தரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அந்த வீட்டுக்காரர்கள் நேரில் வந்தால் கணுவும் தருவேன், பணமும் வாங்க மாட்டேன். ஆனால் முதலில் சேச்சியோடு போய் அந்த நிலத்தில் தண்ணீர் எப்படி ஓடுகிறது என்று பார்ப்பேன்.