பெயர் எழுதுமுன்

தம்பிக்கு,

உங்கள் ஊர் ஏரிக்குப் பருவந்தோறும் வந்துபோகும் பறவைகளைக் குறித்துவைக்க ஆசைப்படுவதாகவும், எவ்விதம் தொடங்குவதென்று தெரியவில்லையென்றும் எழுதியிருந்தாய்.

பிரத்யட்சம் வேறு, அனுமானம் வேறு என்று நம் தர்க்க சாஸ்திரிகள் வகுத்து வைத்த பேதம் பறவை பார்ப்பவனுக்கும் இன்றியமையாதது. அலகின் வடிவம், காலின் நிறம், புருவக்கோடு, பறக்கும் விதம், கூவிய குரல் ஆகியவை நீ கண்டும் கேட்டும் அறிந்தவை. அவற்றைக்கொண்டு நீ சூட்டும் பெயரோ, எவ்வளவு நிச்சயமாகத் தோன்றினும், அனுமானமே. ஆகையால் நோட்டுப் புத்தகத்தில் இரண்டுக்கும் தனித்தனிப் பத்தி வகுத்து, கண்டதை அவ்விடத்திலேயே எழுதி முடித்த பின்னரே பெயர்ப் பத்திக்குப் போ.

கோடியக்கரையின் உப்பங்கழிகளில் குளிர்காலத்தில் கொசு உள்ளான்கள் திரள்திரளாக மேயும். அலகு நுனி கரண்டிபோல் விரிந்த மிக அபூர்வமான உள்ளான் ஒன்று, ருஷ்ய தேசத்தின் வடகிழக்குக் கோடியில் குஞ்சு பொரிப்பது, அத்திரளினூடே அங்கே தென்பட்டதுண்டு. பக்கவாட்டில் பார்த்தால் அந்த விரிவு எளிதில் புலப்படாது. எனவே எவ்வளவு தூரத்தில், எந்தக் கோணத்தில், வெயில் முதுகுப்புறமிருக்கையிலா எதிரேயிருக்கையிலா பார்த்தாய் என்பதை எழுதாத குறிப்பை, பின்னால் படிப்பவர் எவரும் பரிசோதிக்க இயலாது.

அபூர்வம் என்பது பறவையின் சுபாவமன்று. இடமும் காலமும் சேர்ந்து அதற்கு அளிக்கும் விசேஷணம். இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியாவிலும் மழைக்காலத்தில் கூடு கட்டும் ஆறுமணிக்குருவி, புரட்டாசி ஐப்பசியில் நம் பக்கம் வந்து, தோட்டத்துச் சருகுகளைக் கிளறி, விடியலிலும் அந்தியிலும் குரல் கொடுப்பது சகஜம். அதே குருவியை ஆடி மாதத்தில் உங்கள் ஏரிக்கரையில் கண்டால் அது ஆராயத்தக்க செய்தி. தேதியும் இடமும் இல்லாத குறிப்பு இவ்விரண்டையும் ஒன்றாக்கிவிடும்.

இங்கிலாந்தில் செல்போர்ன் என்னும் கிராமத்தில் வாழ்ந்த கில்பர்ட் ஒயிட் என்ற பாதிரியார், பார்வைக்கு ஏறக்குறைய ஒன்றுபோலிருந்த மூன்று சிறு கதிர்க்குருவிகளை, அவற்றின் பாட்டைக் கூர்ந்து கேட்டே மூன்று இனங்களென்று பிரித்தறிந்தார். 1789-இல் நூலாக வெளிவந்த அவருடைய கடிதங்களின் பெருமைக்குக் காரணம், அவர் தூரதேசங்களைத் தேடிப் போகாமல், சொந்த ஊரையே வருஷக்கணக்கில் விடாது கவனித்ததுதான்.

வராத பறவையையும் எழுது. ஏரிக்குப் போய்ப் பார்த்தும் ஒன்றும் காணாத நாளை வெற்றிடமாக விட்டால், பறவை வரவில்லையா, நீதான் போகவில்லையா என்பது விளங்காது. வடகிழக்குப் பருவமழை பொய்த்து வேடந்தாங்கல் வற்றும் வருஷங்களில் கூடுகள் அருகிப்போவதை மழைக் கணக்கோடு பொருத்தி அறிய, இல்லையென்ற குறிப்பும் வேண்டியதாகிறது. முதல் வருகையைப் போலவே கடைசியாகக் கண்ட நாளும் முக்கியம். வரவை எவரும் கொண்டாடுவர், போனதைக் கவனிப்பவர் சிலரே.

ஒன்றை மட்டும் எச்சரிக்கிறேன்: கூடு இருக்கும் மரத்தை ஊரெல்லாம் சொல்லாதே, உன் குறிப்பினால் குஞ்சுகளுக்கு அபாயம் நேரலாகாது. தை பிறந்ததும் உன் நோட்டின் நகலொன்றை எனக்கு அனுப்பு. பெயர்ப் பத்தி பாதி காலியாக இருப்பினும் பாதகமில்லை. முதற்பத்தி நிறைந்திருந்தால், பெயரை நாம் இருவரும் நிதானமாகத் தேடிக்கொள்ளலாம்.

இங்ஙனம்,
அன்புள்ள பெரியப்பா