டோப்ரோ கேட்கப் பழகுவோருக்குச் சில குறிப்புகள்

அமெரிக்காவின் அப்பலேச்சியன் மலைப்பகுதி கிராமியப் பாட்டிலிருந்து 1940-களில் உருவெடுத்தது புளூகிராஸ் இசை. பான்ஜோ, மாண்டலின், பிடில், கிட்டார், டபுள் பேஸ் என்று எல்லாமே தந்தி வாத்தியங்கள். அந்தக் கூட்டத்தில் சற்றுத் தாமதமாக வந்து சேர்ந்தது ரெசனேட்டர் கிட்டார். வாசிப்பவர்கள் டோப்ரோ என்பார்கள். யூடியூபில் இதைத் தேடிப் போகிறவர்கள் வேகமான ஒரு வாசிப்பைப் பார்த்து அசந்துபோய், அத்தோடு வேறு பக்கம் போய்விடுகிறார்கள். இந்த வாத்தியத்தின் உண்மையான வித்வத்து வேகத்தில் இல்லை, பாட்டுக்குத் துணை போவதில் இருக்கிறது என்பது என் தீர்மானமான எண்ணம். அதைக் காது கண்டுகொள்ள இந்தக் குறிப்புகள் உதவும்.

1. வாத்தியம் எப்படி ஒலிக்கிறது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். மரப்பெட்டிக்குள் பத்தரை அங்குல அகலத்தில் மெல்லிய அலுமினியக் கிண்ணம் ஒன்று உண்டு. அதன் விளிம்பில் எட்டுக் கால் ஊன்றி நிற்கும் உலோகச் சட்டத்துக்கு ஸ்பைடர் என்று பெயர். சட்டத்தின் நடுவில் குதிரை, குதிரைமேல் ஆறு தந்திகள். தந்தியை மீட்டினால் அதிர்வு கால்கள் வழியாக இறங்கி, கிண்ணம் முழுவதும் அதிர்ந்து காற்றைத் தள்ளும். மின்சாரப் பெருக்கி வராத 1920-களில், நடன அரங்குகளில் மற்ற வாத்தியங்களின் சத்தத்துக்கு நடுவே கிட்டார் காதில் விழாமலே போனது. கலிபோர்னியாவில் குடியேறியிருந்த ஸ்லோவாக்கியர் ஜான் டோப்யெரா இதற்கு வழி கண்டார். முதலில் மூன்று கிண்ணம் வைத்த உலோகக் கிட்டார் செய்தார். பிறகு 1928-ல் சகோதரர்களோடு சேர்ந்து தனி நிறுவனம் தொடங்கி, ஒற்றைக் கிண்ணம் வைத்த மரக் கிட்டார் செய்தார். புளூகிராஸில் நாம் கேட்பது இந்த இரண்டாவது வகை. மீட்டியதும் பளிச்சென்று ஒரு தெறிப்பு, அதைத் தொடர்ந்து மூக்கிலிருந்து வருகிற மாதிரி நீளும் ஒரு இழுப்பு. இந்த இரண்டையும் பிரித்துக் கேட்கத் தெரிந்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

2. செல்போன் ஸ்பீக்கரில் கேட்க வேண்டாம். அந்த இழுப்பின் வால் அதில் அறுந்துபோகும். சாதாரண இயர்போனே போதும்.

3. சுருதியை நம் கணக்கில் பிடித்துக்கொள்ளுங்கள். கீழ்த்தந்தியிலிருந்து மேல்தந்தி வரை வழக்கமாக வைக்கும் சுரங்கள் ஜி, பி, டி, ஜி, பி, டி. ஜி-யை ஆதார ஷட்ஜமாகக் கொண்டால் ச-க-ப, ச-க-ப. காந்தாரம் அந்தர காந்தாரம். விரல் எதையும் வைக்காமல் தந்திகளை வருடினாலே மேஜர் கார்டு முழுசாகக் கேட்கும். இங்கேதான் சிக்கலும் ஆரம்பிக்கிறது. தந்திமேல் நகர்த்தி வாசிக்கும் ஸ்டீல் பாரைக் குறுக்கே நேராக வைத்தால் எங்கே வைத்தாலும் மேஜர்தான் வரும். சாதாரண காந்தாரம் கேட்கும் மைனர் பாட்டு வந்தால், வாசிப்பவர் தந்திகளைப் பொறுக்கி இரண்டு இரண்டாக மீட்ட வேண்டும், அல்லது பாரைச் சாய்த்துப் பிடிக்க வேண்டும். சோகப் பாட்டு ஒன்றில் டோப்ரோ தடுமாறாமல் போகிறதென்றால், அந்தக் கை எவ்வளவு கணக்குப் போட்டிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

4. வீடியோவில் பார்க்கும்போது கேமரா இடது கையைக் காட்டும் இடங்களை விட்டுவிடாதீர்கள். வாத்தியம் மடியில் மல்லாந்து கிடக்கும், அல்லது தோள்வாரில் வயிற்றுக்கு முன்னால் படுத்திருக்கும். தந்திகள் மெட்டிலிருந்து நன்றாக உயர்ந்து நிற்பதால் அமுக்கி வாசிக்க முடியாது. மெட்டு வெறும் அடையாளக் கோடு. பார் அந்தக் கோட்டுக்கு நேர் மேலே நின்றால் சுரம் சரி, நூலிழை பிசகினால் அபசுரம். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் பாரைப் பிடித்திருக்க, மோதிர விரலும் சுண்டு விரலும் பாருக்குப் பின்னால் தந்திமேல் லேசாகப் படிந்து கூடவே ஊர்ந்து வருவதைக் கவனியுங்கள். பாருக்குப் பின்பக்கம் எழும் வேண்டாத ரீங்காரத்தை அடக்கும் வேலை அந்த இரண்டு விரலுக்கு. அடுத்த நொடியில் பாரின் நுனி மட்டும் ஒற்றைத் தந்தியைத் தொடும். சட்டென்று பின்னுக்கு இழுத்து எடுத்தால் வெறும் தந்தி கணீரென்று பேசும். நீண்ட சுரத்தின் முடிவில் பார் மிகச் சிறிதாக முன்னும் பின்னும் ஆடும். அந்த ஆட்டம் எவ்வளவு அகலம், எப்போது தொடங்குகிறது என்பதை வைத்தே ஆளை அடையாளம் சொல்கிற ரசிகர்கள் இருக்கிறார்கள்.

5. தனி வாசிப்பை எதிர்பார்த்து உட்காராதீர்கள். பாட்டு ஓடும்போது கேளுங்கள். எனக்கு ஒரே ஒரு குறிப்பு எழுத இடம் கொடுத்தால் இதைத்தான் எழுதுவேன். ஜெர்ரி டக்ளஸ் 1998 முதல் அலிசன் கிராஸ் பாடும் யூனியன் ஸ்டேஷன் குழுவில் வாசிப்பவர். கென்டக்கி மாநிலம் லூயிவில்லில் பதிவாகி 2002-ல் வெளிவந்த அவர்களுடைய மேடைப் பதிவு எளிதாகக் கிடைக்கிறது. அதில் ஒரு மெதுவான பாட்டை எடுத்துக்கொண்டு, முதல் தடவை பாடகியை மட்டும் கேளுங்கள். இரண்டாம் தடவை அவர் மூச்சு வாங்கும் இடங்களை மட்டும். அடி முடிந்து அடுத்த அடி தொடங்குவதற்கு முன் இருக்கும் சிறு இடைவெளியில் டோப்ரோ நுழைந்து, இரண்டு மூன்று சுரத்தில் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு, குரல் திரும்புவதற்குள் விலகிவிடும். சில இடைவெளிகளை அது காலியாகவே விட்டுவைக்கும். எதை நிரப்புவது, எதை விடுவது என்ற தேர்வில்தான் அந்த மனிதர் உலகத்தரத்தில் நிற்கிறார். நல்ல பக்கவாத்தியம் கேட்டு வளர்ந்த காதுக்கு இது உடனே பிடிபடும். இதே குழுவின் 'சாக்டா ஹேரைட்' என்ற பாட்டில்லா உருப்படியைப் பிறகு கேளுங்கள். அவருடைய வேகமும் தெரியும், அந்த வேகத்தை அவர் எவ்வளவு சிக்கனமாகச் செலவழிக்கிறார் என்பதும் தெரியும்.

6. வலது கைக்கு ஜோஷ் கிரேவ்ஸ். டென்னசியில் பிறந்த இவர் 1955-ல் லெஸ்டர் ஃப்ளாட், ஏர்ல் ஸ்க்ரக்ஸ் குழுவில் சேர்ந்தார். அதுவரை டோப்ரோ என்றால் ஹவாய் பாணியில் நிதானமாக இழுத்து வாசிப்பதுதான். ஏர்ல் ஸ்க்ரக்ஸ் பான்ஜோவில் கட்டைவிரலும் இரு விரலும் மாறி மாறிச் சுழலும் ஒரு முறையை வைத்திருந்தார். அதைக் கிரேவ்ஸ் அவரிடமே கற்று டோப்ரோவுக்குக் கொண்டுவந்தார். கூடவே கறுப்பின மக்களின் புளூஸ் பாட்டிலிருந்து எடுத்த வளைவுகளையும் சேர்த்தார். பான்ஜோவுக்கு ஈடாக ஓடும் வேகம், அதன் நடுவில் திடீரென்று ஒரு அழுகை. புளூகிராஸ் மேடையில் டோப்ரோவுக்கு நிலையான இடம் கிடைத்தது இவரால்தான். 1962 டிசம்பரில் நியூயார்க் கார்னகி ஹாலில் நடந்த கச்சேரியின் பதிவு நல்ல தொடக்கம். கட்டைவிரலின் அழுத்தம் எங்கே விழுகிறது என்று விரலால் மேசையில் தட்டிக்கொண்டே கேளுங்கள்.

7. புதிதாகக் கேட்பவர் வீட்டில் இருந்தால் மைக் ஆல்ட்ரிஜிலிருந்து ஆரம்பித்து வையுங்கள். 1971-ல் வாஷிங்டன் பக்கத்தில் தொடங்கிய செல்டம் சீன் குழுவைச் சேர்ந்தவர். அந்தக் குழுவில் பகல் வேலை இல்லாத ஆளே கிடையாது: மருத்துவர், கணித வல்லுநர், வரைபடக்காரர், ஆல்ட்ரிஜ் விளம்பர ஓவியர். வாரத்தில் ஒரு ராத்திரி மட்டும் வாசிப்பார்கள். கிரேவ்ஸிடம் இருந்த முரட்டுத்தனத்தை ஆல்ட்ரிஜ் இழைத்து மெருகேற்றினார். ஒவ்வொரு சுரமும் தனித்தனியாகத் துடைத்து வைத்த மாதிரி இருக்கும். 1972-ல் வந்த அவருடைய முதல் தனித்தட்டின் பெயரே 'டோப்ரோ'. அவர் 2012-ல் காலமானார். அதே ஆண்டுதான் அமெரிக்க அரசின் தேசியப் பாரம்பரியக் கலைஞர் விருதும் அவருக்கு வந்தது. இன்னும் முன்பே தந்திருக்க வேண்டிய விருது.

8. மாண்டலின்காரர் தனி வாசிக்கும்போது டோப்ரோ என்ன செய்கிறது? இடது உள்ளங்கையைத் தந்திமேல் படிய வைத்து ஒலியை அடைத்து, வலது கையால் எதிர்த்தட்டில் 'சக், சக்' என்று வெட்டும். மத்தளம் இல்லாத இசையில் தாளத்தைத் தூக்கிப் பிடிக்கும் வேலை இது. கைதட்டல் கிடைக்காத வேலை. இதைச் சீராகச் செய்கிறவர்தான் குழுவுக்கு வேண்டியவர்.

9. பழைய ஒலி எப்படி இருந்தது என்று தெரிய, ராய் ஏகஃப் குழுவில் 1939-ல் சேர்ந்த பாஷ்ஃபுல் பிரதர் ஆஸ்வால்டைக் கேளுங்கள். பீச்சர் கிர்பி என்பது இயற்பெயர். கண்டிப்பாகப் பார்த்தால் இவர் புளூகிராஸ்காரர் அல்லர். ஆனால் கிரேவ்ஸுக்கு முந்தைய டோப்ரோ இவர் கையில் அப்படியே உயிரோடு இருந்தது.

10. எல்லோரும் விரலில் பிக் மாட்டி வாசிக்க, ஒற்றைத் தட்டைப் பிக்கால் வாசித்தவர் டட் டெய்லர். அவர் வாசித்திருக்கும் ஜான் ஹார்ட்ஃபோர்டின் 1971 தட்டு 'ஏரோ-ப்ளெயின்' கிடைத்தால் விடாதீர்கள்.

11. அடுத்த தலைமுறைக்கு ராப் ஐக்ஸ். 1994-ல் தொடங்கிய புளூ ஹைவே குழுவின் ஸ்தாபகர்களில் ஒருவர். சர்வதேச புளூகிராஸ் சங்கத்தின் ஆண்டுச் சிறந்த டோப்ரோ கலைஞர் விருதைப் பதினைந்து முறை வாங்கியவர். ஜாஸ் சாயல் இவரிடம் அதிகம். டக்ளஸிடமிருந்து பிரித்தறிய அதுவே வழி.

12. வேகமான இடம் புரியவில்லையென்றால் யூடியூபில் பிளேபேக் ஸ்பீடை 0.75-க்குக் குறையுங்கள். அதற்குக் கீழே போனால் இழுப்பு சிதைந்து கேட்கும்.

13. கோட்டு வாத்தியம் கேட்டுப் பழகிய வீடுகளுக்கு ஒரு தனிக் குறிப்பு. தந்திமேல் கட்டையை நகர்த்தி வாசிப்பது இரண்டுக்கும் பொது என்பதால், டோப்ரோவிலும் கமகத்தைத் தேடுவோம். கிடைக்காது; தேடவும் வேண்டாம். இங்கே இழுப்பு ஒரு சுரத்திலிருந்து அடுத்த சுரத்துக்குப் போய்ச் சேரும் பாதை மட்டுமே, சேர்ந்ததும் நின்றுவிடும். இரண்டு மரபும் ஒரே அறையில் உட்கார்ந்தால் எப்படியிருக்கும் என்று அறிய விரும்பினால், மோகன வீணைக் கலைஞர் விஷ்வ மோகன் பட் டக்ளஸோடும் டபுள் பேஸ் கலைஞர் எட்கர் மேயரோடும் சேர்ந்து வாசித்த 'பர்பன் அண்ட் ரோஸ்வாட்டர்' இருக்கிறது.

14. வீட்டிலேயே முயன்று பார்க்க ஆசைப்படும் பிள்ளைகளுக்கு உடனே புது வாத்தியம் வாங்க வேண்டியதில்லை. பழைய கிட்டாரில் தலைப்பக்கம் தந்திகளை உயர்த்தும் சிறு உலோகத் துண்டு இசைக்கருவிக் கடைகளில் கிடைக்கும். ஆனால் சாதாரணத் தந்திகளை மேலே சொன்ன சுருதிக்கு முறுக்காதீர்கள். கீழிரண்டு தந்திகளும் இயல்பைவிட மேலே ஏற வேண்டியிருக்கும். அறுந்துவிடும், பெட்டியும் தாங்காது. டி, ஜி, டி, ஜி, பி, டி என்று வைத்தால் எந்தத் தந்தியையும் ஏற்ற வேண்டாம்.

15. டோப்ரோவே வாங்கிவிட்டால், தந்தி மாற்றும்போது ஒவ்வொன்றாக மாற்றுங்கள். ஆறையும் ஒரே நேரத்தில் அவிழ்த்தால் அழுத்தம் போய் உள்ளே கிண்ணமும் ஸ்பைடரும் இடம் நகர்ந்துவிடலாம். பிறகு கரகரவென்று ஒரு அதிர்வு வந்துகொண்டே இருக்கும். நகர்ந்துவிட்டதாகத் தோன்றினால் மூடியைக் கழற்றி நீங்களே நோண்டாமல் தெரிந்தவரிடம் கொடுங்கள். மெல்லிய அலுமினியம் ஒரு தடவை மடங்கினால் பழைய ஒலி திரும்பாது.

16. 1994-ல் வந்த 'த கிரேட் டோப்ரோ செஷன்ஸ்' தட்டைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். டக்ளஸும் டெய்லரும் சேர்ந்து தயாரித்தது. கிரேவ்ஸ், ஆஸ்வால்ட், ஆல்ட்ரிஜ், ஐக்ஸ், சாலி வான் மீட்டர் உட்படப் பத்துப் பேர் வாசிக்கிறார்கள். அட்டையைப் பார்க்காமல் கேட்டு, வாசிப்பது யாரென்று ஒரு தாளில் எழுதி, பிறகு சரிபாருங்கள். ஆஸ்வால்டையும் டெய்லரையும் சீக்கிரமே கண்டுபிடித்துவிடலாம். டக்ளஸையும் ஐக்ஸையும் பிரிக்கக் கொஞ்ச நாள் பிடிக்கும்.