சிற்றூர் மருத்துவரின் குறிப்பேடு

மருத்துவ ஆராய்ச்சி என்றதும் பெரிய மருத்துவமனைகளும் ஆய்வுக்கூடங்களுமே நினைவுக்கு வருகின்றன. காய்ச்சலுக்கும் சளிக்கும் மருந்து தரும் குடும்ப மருத்துவருக்கும் அதில் இடமுண்டு என்பதை வில்லியம் பிக்கில்ஸின் பணி காட்டுகிறது.

இங்கிலாந்தின் யார்க்சையர் பகுதியில், வென்ஸ்லிடேல் பள்ளத்தாக்கிலுள்ள அய்ஸ்கார்த் என்னும் சிற்றூரில் அவர் மருத்துவம் பார்த்தார். 1926இல் ஜேம்ஸ் மெக்கன்சியின் இதயநோய் நூலைப் படித்தது அவருக்குத் தூண்டுதலாயிற்று. மெக்கன்சியும் பர்ன்லி நகரில் குடும்ப மருத்துவராக இருந்தவரே. நாடித்துடிப்புச் சீரற்ற நோயாளிகளைப் பல்லாண்டுகள் தொடர்ந்து கவனித்து, அச்சீரின்மைகளுள் சில தீங்கற்றவை என நிறுவியவர். ஒருமுறை வந்து செல்லும் நோயாளியிடம் இவ்வுண்மையைக் கண்டறிதல் அரிது.

பிக்கில்ஸ் தொற்றுநோய்களின்மீது கருத்தைச் செலுத்தினார். யாருக்கு, எந்த ஊரில், எந்த நாளில் நோய் கண்டது என்பதை நாள்தோறும் வண்ணக் குறிகளால் அட்டவணையில் பதிந்தார். மனைவியும் மகளும் இதில் துணைநின்றனர்.

1929இல் அப்பகுதியில் மஞ்சள் காமாலை பரவியது. ஏறத்தாழ 5,700 பேருள் 250 பேர் நோயுற்றனர். பித்தநாள அழற்சியே இந்நோய்க்குக் காரணம் என்னும் கருத்து அதுவரை நிலவியது. தொற்றிய எத்தனை நாளில் நோய் வெளிப்படும் என்பதும் தெளிவாகவில்லை. இவ்விடைவெளியே நோயரும்பும் காலம் எனப்படும். நகரத்தில் ஒருவர் ஒரு நாளில் யார்யாரை நெருங்கினார் என்பதை அவரே அறியார். பள்ளத்தாக்கிலோ, யார் எவர் வீட்டுக்குச் சென்றார் என்பது ஊருக்கே தெரியும், மருத்துவருக்கும் தெரியும்.

ஊர்விழா நாளின் காலையில், காமாலையால் படுத்திருந்த பெண்ணொருத்தியைப் பிக்கில்ஸ் பார்த்து வந்தார். அவள் எழுந்து வெளியே செல்வாள் என அவர் கனவிலும் கருதவில்லை. பிற்பகலில் அவள் விழாவில் இருந்தாள்! சில வாரங்களில், அங்கு வந்திருந்தோர் பலருக்குக் காமாலை கண்டது. தொற்றிய நாள் அதுவே என்பதில் ஐயமில்லாததால், எஞ்சியது நாள்களை எண்ணுவது மட்டுமே. இத்தகைய சந்திப்புகளைத் தொகுத்து, நோயரும்பும் காலம் 26 முதல் 35 நாள்கள் என அவர் கணித்தார். 1930இல் அதனைக் கட்டுரையாக வெளியிட்டார்; 1939இல் சிற்றூர் மருத்துவத்தில் தொற்றுநோயியல் பற்றி நூலும் எழுதினார்.

பிரித்தானியாவில் பொது மருத்துவர்களுக்கெனத் தோன்றிய கல்லூரியின் முதல் தலைவராக 1953இல் பொறுப்பேற்ற அவர், 1969இல் மறைந்தார். கல்லீரல் அழற்சி 'ஏ' வகை வைரஸை அறிவியலார் மின்னணு நுண்ணோக்கியில் கண்டது 1973இல்தான். அவ்வகைக் காமாலையின் நோயரும்பும் காலம் சராசரியாக 28 நாள்கள் என இன்றைய மருத்துவ நூல்கள் கூறுகின்றன.