பேச்சு இல்லை, மொழி இருக்கிறது



பேச இயலாத குழந்தையை வளர்க்கும் தாயைப் பார்த்தால் நம்மில் பலரும் கேட்கும் முதல் கேள்வி, "இன்னும் பேச்சு வரலையா?" என்பதுதான். போகும் இடமெல்லாம் இதற்கே பதில் சொல்லிச் சலித்த தாய், நாளடைவில் கல்யாண வீடுகளுக்கு வருவதையே நிறுத்திவிடுகிறார். "என்ன பாவமோ, இப்படிச் சோதனை" என்ற பேச்சும் அவர் காதில் விழுந்திருக்கும்.

குர்ஆன் நமக்குக் காட்டும் பாடம் வேறு. முதுமையில் மகன் பிறப்பான் என்ற நற்செய்தி ஸகரிய்யா (அலை) அவர்களுக்குக் கிடைத்தபோது, அதற்கு அடையாளமாக மூன்று நாட்கள் அவர்களால் மக்களிடம் பேச முடியாமல் போனது. ஆலு இம்ரான், மர்யம் ஆகிய அத்தியாயங்களில் இதைப் படிக்கிறோம். இறைவனைத் துதியுங்கள் என்று தம் மக்களுக்கு அவர்கள் சைகையால் அறிவித்தார்கள். மர்யம் (அலை) அவர்களும் பேசாதிருக்க நேர்ச்சை செய்து, கைக்குழந்தையைச் சுட்டிக்காட்டியே பதில் தந்தார்கள். அந்த மௌனங்கள் தண்டனை அல்ல. நாவு பேசாதபோதும் செய்தி உரியவரிடம் சேர்ந்தது.

பெருமூளை வாதம், ஆட்டிசம் போன்ற காரணங்களால் பேச இயலாத குழந்தைகளும் இப்படித்தான் நம்மிடம் பேசுகிறார்கள். கரண்டி வரும்போது உதட்டை மூடினால் "போதும்". கதவைப் பார்த்துவிட்டு நம் முகத்தைப் பார்த்தால் "வெளியே போகலாம்". அத்தாவின் வண்டிச் சத்தம் கேட்டதும் கால்களை உதைத்துச் சிரித்தால் அதுவே ஸலாம். "அம்மா" என்ற ஒரு சொல்லுக்காக மட்டும் காத்திருந்தால், இத்தனை சொற்களையும் நாம் தவறவிடுவோம்.

வீட்டில் செய்யக்கூடிய மூன்று காரியங்கள்:

1. சைகை நோட்டு. ஒரு பக்கம் குழந்தை செய்வதையும், எதிர்ப்பக்கம் அதன் பொருளையும் எழுதுவோம். அம்மாவுக்கு உடம்பு சரியில்லாத நாளில் பெரியம்மாவோ ஆசிரியரோ குழந்தையைப் புரிந்துகொள்ள அது உதவும்.

2. தேர்வு செய்ய விடுவது. இரண்டு சட்டைகளைக் காட்டி, கண் எதில் நிற்கிறது என்று பொறுமையாகப் பார்ப்போம். பட அட்டைகளும், சென்னையில் உருவான 'ஆவாஸ்' போன்ற செயலிகளும் இதற்கு உதவுகின்றன. இவற்றைப் பழக்கினால் பேச்சு வராது என்ற அச்சம் வேண்டாம். வரக்கூடிய பேச்சை இவை தடுப்பதில்லை.

3. நன்றி. மகிழ்ச்சியான செய்தி வந்தால் நபி (ஸல்) அவர்கள் ஸஜ்தாவில் விழுவார்கள் என்று அபூதாவூதில் காண்கிறோம். நோன்புக் கஞ்சியைப் புரையேறாமல் குடித்த மாலை, பெருநாள் சட்டைக்குத் தானே கையை நீட்டிய காலை: இவையும் நற்செய்திகளே. அடுத்த வீட்டுப் பிள்ளையின் மார்க் பட்டியலோடு இவற்றை ஒப்பிட வேண்டியதில்லை. இஷாவுக்குப் பின் வீட்டார் ஒவ்வொருவரும் அன்று கண்ட ஒன்றைச் சொல்லி அல்ஹம்துலில்லாஹ் கூறலாம்.

மகிழ்ச்சியைக் கொண்டாடுவதால் களைப்பு இல்லையென்று ஆகிவிடாது. தூக்கமில்லாத இரவுகளும், வளரும் பிள்ளையைத் தூக்கித் தூக்கி வலிக்கும் முதுகும் உண்மை. "எங்களுக்குப் பிறகு இவனுக்கு யார்?" என்ற கவலையும் உண்மை. அந்தக் கவலையைப் பெற்றோர் தலையில் மட்டும் விட்டுவிடலாகாது. மாற்றுத்திறனாளி அடையாள அட்டை பெறவும், ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரையிலான 'நிராமயா' மருத்துவக் காப்பீட்டில் சேரவும், 18 வயதுக்குப் பின் சட்டப்படி பாதுகாவலரை நியமிக்கவும் வழிகள் உள்ளன. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரிக்க, படித்த இளைஞர் ஒருவர் கூடப் போனாலே பாதிச் சுமை குறையும்.

நபி (ஸல்) அவர்கள் தம் பேத்தி உமாமாவைச் சுமந்தபடியே தொழுகை நடத்தியிருக்கிறார்கள். சத்தமிடும் ஒரு பிள்ளைக்கு நம் பள்ளிவாசலிலும் விருந்திலும் இடம் இருக்கிறதா என்று நம்மையே கேட்டுக்கொள்வோம். அடுத்த முறை அந்தத் தாயைச் சந்திக்கும்போது பழைய கேள்வியை விட்டுவிட்டு, முதலில் குழந்தையின் பெயரைச் சொல்லி ஸலாம் கூறுவோம். பதில் வரச் சற்று நேரமாகலாம், காத்திருப்போம்.

இந்த அமானிதங்களைப் பேணும் பெற்றோருக்கு அல்லாஹ் உடல் வலிமையையும் மன நிம்மதியையும், நமக்கு அவர்களோடு தோள் கொடுக்கும் மனதையும் தருவானாக. ஆமீன்.