நாற்காலியின் பின்னாலிருந்து முன்னால் வா

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதமும், கூடவே வந்த கதையும் பதினாறு படங்களும் கிடைத்தன. வீல்சேரில் வளையவரும் உன் ஒன்பது வயதுத் தம்பியை மனசில் வைத்துக் குழந்தைகளுக்கு ஒரு படப் புத்தகம் செய்ய வேண்டும், அவனைப் போன்ற பிள்ளைகள் தமிழ்ப் புத்தகத்தில் தங்களைப் பார்க்க வேண்டும் என்று எழுதியிருக்கிறாய். தயங்காமல் செய். அதற்கு வேண்டிய கை உனக்கு இருக்கிறது. இதே ஆசையோடு இருக்கும் மற்ற இளம் படைப்பாளிகளுக்கும் உதவட்டும் என்று பதிலைப் பொதுவில் எழுதுகிறேன்.

படங்களைத் தரையில் வரிசையாகப் பரப்பிப் பார்த்தேன். பெரும்பாலானவற்றில் தம்பியின் பின்னந்தலையும் நாற்காலியின் கைப்பிடியும்தான் தெரிகின்றன. நீ அவனைத் தள்ளிக்கொண்டு போகிறவள். உனக்குப் பழகிய கோணம் அது. தெருவில் எந்தச் சாக்கடை மூடி ஆடும், எந்த வீட்டு வாசலில் சக்கரம் ஈரக் கோலத்தைக் கலைத்தால் திட்டு விழும், கோயில் பிரகாரத்தில் எந்த இடத்தில் கல் தூக்கி நிற்கும் என்பதெல்லாம் உனக்குத் தெரியும். வெளியிலிருந்து வரும் எந்த எழுத்தாளருக்கும் இது தெரியாது. ஆனால் அவன் முகத்துக்கு நேரே என்ன வருகிறது என்பது பின்னால் நிற்பவருக்குத் தெரிவதில்லை. அக்காக்களும் அண்ணன்களும் செய்யும் புத்தகங்களின் பலம், குறை இரண்டும் அங்கேதான் இருக்கின்றன. நான் இனிச் சொல்லப்போவது எல்லாம் ஒன்றுதான்: கைப்பிடியை விட்டுவிட்டு அவனுக்கு முன்னால் வந்து உட்கார்.

முதலில் இது யாருடைய கதை என்று முடிவு செய். உன்னுடைய கதை என்றால் அதை மறைக்காமல் உன்னுடையதாகவே சொல். நடிகை ஹாலி ராபின்சன் பீட்டும் அவர் மகள் ரயனும் சேர்ந்து எழுதி 2010-இல் வெளிவந்த ‘மை பிரதர் சார்லி’ அப்படிப்பட்ட புத்தகம். ரயனின் இரட்டைச் சகோதரன் ஆட்டிசம் உள்ளவன். கதையைச் சொல்லும் சிறுமி அவன் மீதுள்ள பாசத்தோடு, அவனால் தனக்கு வரும் வருத்தங்களையும் சேர்த்தே சொல்கிறாள். நீயும் சொல்லலாம். அவனுக்கு பிசியோதெரபி நாள் என்பதால் தள்ளிப்போன உன் பள்ளி விழா, கல்யாண வீட்டில் எல்லாரும் அவனை மட்டும் கொஞ்சிவிட்டுப் போனபோது உனக்கு வந்த கோபம், “உங்களுக்கு அப்புறம் இவனை யாரு பாத்துப்பா?” என்று யாரோ அம்மாவிடம் கேட்டபோது அவர் பார்வை உன் பக்கம் திரும்பியது. கூடப் பிறந்தவர்கள் வீட்டுக்குள் வாய்விட்டுச் சொல்லாத விஷயங்கள் இவை. இவற்றை நேர்மையாக எழுதினால், இன்னொரு வீட்டில் இதே சங்கடத்தோடு இருக்கும் ஓர் அக்கா தன்னைத் தப்பானவள் என்று நினைப்பதை நிறுத்துவாள்.

தம்பியின் கதை என்றால் கதையை அவன் ஓட்ட வேண்டும். உன் வரைவில் அவன் எல்லாப் பக்கத்திலும் சிரிக்கிறான், ஒரு பக்கத்திலும் பேசவில்லை. அவனுக்கு ஓர் ஆசை வேண்டும், அந்த ஆசைக்கு ஒரு தடை வேண்டும், அவன் எடுக்கும் ஒரு முடிவு வேண்டும். கனடாவின் ராபர்ட் மன்ச் எழுதிய ‘ஜூம்!’ (2003) புத்தகத்தில் லாரெட்டா என்ற சிறுமிக்கு வேகமான வீல்சேர்தான் ஆசை. கடையில் முதலில் ஓட்டிப் பார்ப்பவை போதாமல் 92 கியர் வைத்த ஒன்றைக் கொண்டுவருகிறாள். வேகத்துக்கு அபராதம் வாங்குகிறாள். கடைசியில் அண்ணனுக்கு விரலில் அடிபட, அவனை மருத்துவமனைக்குக் கொண்டுபோவதும் அவள்தான். உன் தம்பியும் கேரம் விளையாடும்போது ஏமாற்றுகிறவன் என்று நீயே எழுதியிருக்கிறாய். அந்தத் திருட்டுத்தனத்தைப் புத்தகத்தில் வை. நல்ல பிள்ளையாக மட்டுமே இருக்கும் பாத்திரத்தோடு எந்தக் குழந்தையும் சிநேகம் பிடிக்காது.

உன் கதையின் முடிவுக்கு வருகிறேன். கடைசிப் பக்கத்தில் வகுப்பே எழுந்து நின்று அவனுக்குக் கை தட்டுகிறது. எதற்கு? வகுப்புக்கு வந்ததற்கு. மற்ற முப்பது பிள்ளைகளும் அன்று வகுப்புக்கு வந்தவர்கள்தானே. இதற்கு முந்தைய தலைமுறைகளின் புத்தகங்களில் வேறொரு முடிவு இருந்தது. சூசன் கூலிட்ஜின் ‘வாட் கேட்டி டிட்’ (1872), ஜோஹன்னா ஸ்பைரியின் ‘ஹைடி’ (1880-81), பிரான்சிஸ் ஹாட்சன் பர்னெட்டின் ‘தி சீக்ரெட் கார்டன்’ (1911) மூன்றிலும் கேட்டி, கிளாரா, காலின் கடைசியில் எழுந்து நடந்துவிடுகிறார்கள். தானும் வீல்சேர் பயன்படுத்தும் எழுத்தாளர் லோயிஸ் கீத், 2001-இல் ஒரு முழு நூலே எழுதி இந்த வழக்கத்தை ஆராய்ந்தார். பொறுமையாக, நல்லவளாக, நம்பிக்கையோடு இருந்தால் நடப்பாய் என்று அந்த முடிவு சொல்கிறது. அப்படியானால் நடக்காத பிள்ளை எதில் குறைந்துபோனது? ஒன்பது வயதில் இந்தக் கேள்வி மனசுக்குள் வந்துவிட்டால் எளிதில் போகாது. எழுந்து நடப்பது, கை தட்டல் வாங்குவது இரண்டையும் விட்டுவிடு. அவன் தேடியது கிடைத்ததா, இல்லையா என்பதில் கதை முடியட்டும்.

நாற்காலியை எப்போது காட்டுவது என்றும் கேட்டிருந்தாய். ஜீன் வில்லிஸ் எழுதி டோனி ராஸ் வரைந்த ‘சூசன் லாஃப்ஸ்’ (1999) புத்தகத்தில் சூசன் சிரிக்கிறாள், பாடுகிறாள், கோபப்படுகிறாள். அவள் வீல்சேரில் இருப்பது கடைசிப் பக்கத்தில்தான் தெரிகிறது. அவளும் எல்லாரையும் போலத்தான் என்று உணரவைக்க அன்று அது நல்ல வழியாக இருந்தது. ஆனால் வீல்சேரிலேயே இருக்கும் பிள்ளைக்கு அதில் என்ன ஆச்சரியம்? லாகூரில் பிறந்த ருக்சானா கான் எழுதிய ‘கிங் ஃபார் எ டே’யை (2014) பார். வசந்த விழா நாளில் மொட்டை மாடியிலிருந்து பட்டம் விட்டு மற்றவர்களின் பட்டங்களை அறுக்கும் மாலிக், படங்களில் வீல்சேரில் இருக்கிறான். எழுத்தில் அதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. நம் ஊரில் துலிகா பதிப்பகம் வெளியிட்ட, தாரிணி விஸ்வநாத் எழுதி நான்சி ராஜ் வரைந்த ‘கேட்ச் தட் கேட்!’ புத்தகத்தில் டிப் டிப் என்ற சுட்டிப் பெண், தோழியின் காணாமல் போன பூனையை வீல்சேரில் சுற்றித் தேடுகிறாள். இரண்டிலும் வாசிப்பவர் மனம் பட்டத்தின் பின்னாலும் பூனையின் பின்னாலும் போகிறது. முதல் படத்திலேயே நாற்காலியைக் காட்டிவிட்டுக் கதைக்குப் போ.

இனி ஓவியம். நீ வரைந்திருப்பது மருத்துவமனை வராந்தாவில் நிற்கும் மடக்கு நாற்காலி. யார் வந்தாலும் உட்காரவைத்து இன்னொருவர் தள்ளுவதற்கென்று அகலமாகச் செய்யப்பட்டது. தினமும் தானே ஓட்டிக்கொண்டு போகும் பிள்ளையின் நாற்காலி இடுப்புக்கு ஏற்ற அகலத்தில், கால்தாங்கி சரியான உயரத்தில், மெத்தை உடம்பை அழுத்தாதபடி இருக்க வேண்டும். ஐஐடி மெட்ராஸில் உருவாகி நியோமோஷன் நிறுவனம் தயாரிக்கும் நியோஃபிளை போன்றவை உட்காருபவரின் உடல் அளவுக்கேற்பச் செய்யப்படுகின்றன. உன் தம்பியின் நாற்காலி எது, அதில் என்ன ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறான், பை எங்கே தொங்குகிறது, பிரேக் எந்தப் பக்கம் இறுகிப்போயிருக்கிறது என்று பார்த்து வரை. பெரிய சக்கரத்தை ஒட்டி வெளியே இருக்கும் கைவளையத்தைப் பல ஓவியர்கள் விட்டுவிடுகிறார்கள். அதைப் பிடித்துத்தான் அவன் ஓட்டுகிறான். அது இல்லாவிட்டால் படத்தில் அவனால் எங்கும் போக முடியாது. பள்ளிகளில் கதை வாசிக்கும்போது பிள்ளைகள் கேட்பதும் இதையெல்லாம்தான்: எப்படித் திரும்பும், மழையில் வழுக்குமா, தூங்கும்போது எங்கே நிறுத்துவாங்க?

உட்கார்ந்திருக்கும் அவன் கண் தரையிலிருந்து மூன்று, மூன்றரை அடி உயரத்தில் இருக்கும். சில பக்கங்களையாவது அந்த உயரத்திலிருந்து வரை. பெட்டிக்கடைப் பலகை நெற்றிக்கு மேலே போய்விடும், மிட்டாய் பாட்டில்களின் அடிப்பக்கம் மட்டும் தெரியும், திருவிழாக் கூட்டம் முழுவதும் வேட்டி மடிப்பும் சேலைக் கொசுவமும் கைப்பைகளுமாக இருக்கும். அந்தக் கூட்டத்தில் யாரோ ஒருவர் குனிந்து அவனிடம் பேசினால், அந்தப் பக்கத்துக்கு எழுத்தே வேண்டியிருக்காது.

கதைக்குத் தடை வேண்டும் என்றேன். அதை அவன் உடம்பில் தேடாதே. பிரிட்டனைச் சேர்ந்த மைக்கேல் ஆலிவர், தானும் வீல்சேரில் இருந்தவர், 1983-இலேயே இதைத் தெளிவாக எழுதினார்: ஒருவரை முடக்குவது அவர் உடலைவிட, அவரைக் கணக்கில் எடுக்காமல் கட்டப்பட்ட உலகம். நம் தெருவில் வாசற்படிதான் வில்லன். சாய்தளத்துக்குப் பொதுவாக ஏற்கப்பட்ட சரிவு 1-க்கு 12. அரை அடிப் படி ஒன்றுக்கு ஆறடி நீளம், அப்படி மூன்று படி என்றால் 18 அடி. நீ பள்ளி வாசலில் வரைந்திருக்கும் செங்குத்தான சாய்தளத்தில் அவன் பின்னால் சரிந்து விழுவான். அந்தத் தப்பான சாய்தளமே ஒரு கதை. பிள்ளைகள் சேர்ந்து கயிறு வைத்து அளந்து, தலைமையாசிரியரிடம் போய்க் கணக்கோடு பேசட்டும்.

மெரினாவும் ஒரு கதை. நாற்காலியின் சிறிய முன்சக்கரங்கள் மணலில் புதைந்துவிடும் என்பதால் கடலோரத்தில் பிறந்த பிள்ளைகள்கூட அலையைத் தூரத்திலிருந்தே பார்த்திருக்கிறார்கள். 2022 நவம்பரில் அங்கே 263 மீட்டர் நீளத்தில் மரப் பாதை திறந்தார்கள். முதல் முறையாகக் கடலுக்கு அருகே போனவர்கள் அழுதார்கள், சிரித்தார்கள். இரண்டு வாரம்கூட ஆகவில்லை, மாண்டஸ் புயல் வந்து பாதையின் ஒரு பகுதியை உடைத்தது. பிறகு சரிசெய்தார்கள். கடலில் கால் நனைக்க ஆசைப்படும் ஒரு பையன், ஒரு பாதை, ஒரு புயல், ஒரு காத்திருப்பு. 24 பக்கத்துக்கு இதைவிட என்ன வேண்டும்?

உன் மூன்றாம் பக்கத்தில் தம்பியின் நோயின் பெயர், எப்போது கண்டுபிடித்தார்கள் என்பதெல்லாம் இருக்கிறது. அதை எடுத்துவிடு. பேருந்தில் முன்பின் தெரியாதவர்கள் “பையனுக்கு என்னம்மா ஆச்சு? பிறவியிலேயேவா?” என்று கேட்கும்போது அவன் முகம் எப்படிப் போகும் என்று உனக்குத் தெரியும். ஒற்றைக் காலோடு வளர்ந்த ஜேம்ஸ் கேச்போல் எழுதிய ‘வாட் ஹாப்பண்ட் டு யூ?’ (2021) புத்தகத்தில், ஜோ என்ற பையனிடம் பிள்ளைகள் காலுக்கு என்ன ஆச்சு என்று துளைக்கிறார்கள். அவனுக்குக் கடற்கொள்ளையர் விளையாட்டு முக்கியம். கடைசிவரை அவன் பதில் சொல்வதில்லை. விளையாட்டு சூடுபிடித்ததும் கேட்டவர்களுக்கும் அது தேவைப்படவில்லை. தெரிந்துகொள்ளும் ஆசை குழந்தைகளுக்கு இயல்பு, ஆனால் பதில் சொல்வதும் சொல்லாமல் விடுவதும் உன் தம்பியின் உரிமை.

புத்தகத்தின் உடலையும் யோசி. அவன் விரல்களுக்கு வலு குறைவு என்று எழுதியிருந்தாய். கனமான கெட்டி அட்டையும் இறுக்கமான பைண்டிங்கும் போட்டால் தன்னைப் பற்றிய புத்தகத்தை அவனே திறந்துவைக்க முடியாது. நடுவில் பின் அடித்த மெல்லிய புத்தகம் மடியில் விரிந்து கிடக்கும், ஓரளவு தடித்த தாள் விரலுக்குப் பிடிபடும். அச்சகத்தில் இதை முதலிலேயே பேசு. மாதிரிப் பிரதியை அவன் கையில் கொடுத்து, உதவி இல்லாமல் கடைசிப் பக்கம் வரை போகிறானா என்று பார்.

அவனுக்கு மட்டும் காட்டினால் போதாது, ஏனென்றால் அவன் ஒரே ஒரு பிள்ளை. ஆய்க்குடியில் எஸ். ராமகிருஷ்ணன் 1981-இல் தொடங்கிய அமர் சேவா சங்கம், சென்னையில் 1985-இல் தொடங்கிய வித்யா சாகர் போன்ற இடங்களில் அனுமதி கேட்டு, அங்குள்ள பிள்ளைகளுக்கு வரைவை வாசித்துக் காட்டு. எங்கே சிரிக்கிறார்கள், எங்கே ஜன்னலைப் பார்க்கிறார்கள் என்று கவனி.

கடைசியாகச் சம்மதம். அவனுக்குப் பதினெட்டு ஆகாததால் ஒப்பந்தத்தில் அப்பாவோ அம்மாவோ கையெழுத்துப் போடுவார்கள். அது சட்டத்துக்கு. உனக்கு வேண்டியது அவன் வாயால் வரும் சரி. இன்று ஒன்பது வயதில் சரி என்பவன் பத்தொன்பது வயதில் கல்லூரி நூலகத்தில் அந்தப் புத்தகத்தைப் பார்ப்பான். அன்று அவனைக் கூனிக் குறுக வைக்கும் ஒரு படம்கூட அதில் இருக்கக் கூடாது. அவன் சொன்ன வரியும் செய்த குறும்பும் கதையை நடத்துகின்றன என்றால், அட்டையில் உன் பெயரோடு அவன் பெயரும் வர வேண்டும், ராயல்டியில் அவனுக்குப் பங்கும் வேண்டும். “என் தம்பிக்கு” என்று முதல் பக்கத்தில் சமர்ப்பணம் போடுவது இதற்கு ஈடாகாது.

அடுத்த வரைவை நீ தனியாக எழுதாதே. பதினாறு படங்களையும் அவன் முன்னால் வை. ஒரு சிவப்புப் பென்சிலை அவன் கையில் கொடு. பிடிக்காததை அடிக்கட்டும், மேலே எழுதட்டும், உன்னோடு சண்டை போடட்டும். எனக்கு அனுப்பும்போது அவன் அடித்த பக்கங்களையும் சேர்த்து அனுப்பு. முதலில் அவற்றைத்தான் படிப்பேன்.

அன்புடன்,
அண்ணன்