பகல் தூக்கத்துக்கு ஒரு பாய் போதும்

பால் குடித்துக்கொண்டே கைக்குழந்தைக்குக் கண் செருகும். இரவென்றால் விரிப்பை உதறிப் போட்டு, விளக்கை அணைத்து, அம்மா பக்கத்தில் இருப்பார். பகலென்றால் அந்த நேரத்துக்கு எது அருகில் இருக்கிறதோ அதில் கிடத்திவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவது வழக்கம்: கட்டில் மெத்தையில் இரண்டு தலையணைகளுக்கு நடுவே, சோபாவின் உள்மூலையில், தூளியில், தாத்தாவின் நெஞ்சில். அரை மணி நேரத் தூக்கம்தானே என்ற நினைப்பு. ஆனால் பிறந்த குழந்தை நாளொன்றுக்கு 14 முதல் 17 மணி நேரம் தூங்குகிறது. முதல் சில வாரங்களில் அதில் கிட்டத்தட்டப் பாதி பகலில்தான். துண்டு துண்டாக வருவதால் சின்னதாகத் தெரிகிறது, அவ்வளவுதான். அதனால் பகலில் எத்தனை முறை தூங்கினாலும் அத்தனை முறையும் ஒரே மாதிரி இடத்தில், ஒரே விதமாக, மல்லாக்கப் படுக்க வையுங்கள். இடம் மட்டமாக, கெட்டியாக, வேறு பொருள் எதுவும் இல்லாமல் இருக்க வேண்டும். கடையில் போய்த் தேட வேண்டியதில்லை. ஒரு பாய் போதும்.

இதற்குக் காரணம் குழந்தையின் உடலமைப்பு. பிறந்த குழந்தையின் நீளத்தில் நான்கில் ஒரு பங்கு தலை. அந்தக் கனத்தைக் கழுத்து தாங்காது. மூச்சுக்குழாயோ குறுகியது, மெத்தென்றிருப்பது. தாடை நெஞ்சில் படியும்படி தலை முன்னால் கவிழ்ந்தால் மூச்சு போகும் வழி மடங்கிவிடும். மூக்கு மெத்தையில் புதைந்தாலோ, துணி முகத்தில் விழுந்தாலோ, விட்ட மூச்சையே திரும்ப இழுக்க நேரும். பெரியவர்களானால் திணறி விழித்துக்கொள்வோம். சில மாதக் குழந்தைக்கு அந்த விழிப்பு எல்லா நேரமும் வருவதில்லை. வந்தாலும் துணியை விலக்கக் கை பழகவில்லை. பெரும்பாலும் சத்தமும் இராது. அடுத்த அறையில் இருப்பவருக்கு 'நல்லாத் தூங்குது' என்றுதான் தோன்றும். தூக்கத்தில் நேரும் திடீர் இறப்புகளில் சுமார் 90 சதவீதம் முதல் ஆறு மாதத்துக்குள், அதிலும் இரண்டிலிருந்து நான்கு மாதத்தில் அதிகமாக நேர்வதை இதனோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

மல்லாக்கப் படுக்க வைப்பதில் உலகமே ஒரு முறை தவறு செய்து திருந்தியிருக்கிறது. அமெரிக்க மருத்துவர் பெஞ்சமின் ஸ்பாக்கின் குழந்தை வளர்ப்பு நூல் பல நாடுகளில் வேதம் போல வாசிக்கப்பட்டது. 1950களின் பிற்பகுதியில் வந்த பதிப்பு, குழந்தையைக் குப்புறப் படுக்க வைக்கச் சொன்னது. மல்லாந்து கிடந்தால் கக்கிய பால் புரையேறும் என்பது காரணம். கேட்க நியாயமாக இருந்தது, யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. நெதர்லாந்தில் குப்புறப் படுக்க வைக்கும் வழக்கம் 1970களில் பரவியபோது இறப்புகள் கூடின. 1987-ல் அறிவுரையை மாற்றிக்கொண்டபோது குறைந்தன. பிரிட்டனில் 1991 இறுதியில் மல்லாக்கப் படுக்க வைக்கும் பிரசாரம் தொடங்கி, ஓராண்டிலேயே எண்ணிக்கை ஏறத்தாழப் பாதியானது. அமெரிக்காவிலும் 1990களில் பாதிக்கு மேல் சரிந்தது. 1970-லேயே கையிலிருந்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்திருந்தால் பிரிட்டனில் மட்டும் 10,000-க்கு மேற்பட்ட குழந்தைகளைக் காப்பாற்றியிருக்கலாம் என்று 2005-ல் வந்த ஒரு மீளாய்வு கணக்கிட்டது.

ஸ்பாக்கின் அதே காரணத்தைத்தான் நம் வீட்டுப் பெரியவர்களும் சொல்கிறார்கள்: "மல்லாக்கப் போட்டா பால் புரையேறிடும்மா." பயம் நியாயமானது, கணக்குதான் தலைகீழ். மல்லாந்து கிடக்கும்போது மூச்சுக்குழாய் மேலேயும் உணவுக்குழாய் அதற்குக் கீழேயும் இருக்கின்றன. கக்கிய பால் மூச்சுக்குழாய்க்குள் போக வேண்டுமானால் மேல்நோக்கி ஏற வேண்டும். குப்புறக் கிடந்தால் உணவுக்குழாய் மேலே வந்துவிடுகிறது. பால் இறங்கும் வழியிலேயே மூச்சுக்குழாயின் வாய் இருக்கிறது. கோடிக்கணக்கான குழந்தைகள் மல்லாந்து தூங்கத் தொடங்கிய பிறகும் புரையேறி இறப்பது எங்கும் கூடவில்லை. பால் கொடுத்ததும் தோளில் போட்டு ஏப்பம் விடவைத்துப் பிறகு கிடத்துங்கள். ஒருக்களித்துப் படுக்க வைப்பது நடுவழி போலத் தெரியும். அந்த நிலையில் குழந்தை நிற்காது, குப்புறச் சரிந்துவிடும்.

முதலில் இடத்தைத் தயார் செய்வோம். கோரைப்பாய் ஒன்றை, ஆள் நடமாட்டத்துக்குக் குறுக்கே வராத, ஆனால் நீங்கள் வேலை செய்யும் இடத்திலிருந்து கண்ணில் படும் தரையில் விரியுங்கள். எறும்பு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மேலே இரண்டாக மடித்த பருத்தி விரிப்பு, வேண்டுமானால் அடியில் ஒரு ரப்பர் ஷீட். ஓரங்களைப் பாய்க்கு அடியில் இறுகச் செருகிவிடுங்கள். முடிந்தது. கையால் அழுத்தினால் குழி விழக் கூடாது, இதுதான் சோதனை. இலவம்பஞ்சு மெத்தையும் பஞ்சுபோன்ற ஃபோம் மெத்தையும் இதில் தேறாது. கட்டிலில் படுக்க வைத்துச் சுற்றிலும் தலையணை அடுக்குவது விழாமல் காக்கும் என்று நினைக்கிறோம். குழந்தை நகர்ந்து அந்தத் தலையணையிலோ, கட்டிலுக்கும் சுவருக்கும் இடையிலுள்ள சந்திலோ முகம் புதைய வாய்ப்புண்டு. தரையில் இருக்கும் குழந்தை எங்கும் விழப்போவதில்லை. ஓடியாடும் மூத்த குழந்தையோ நாயோ பூனையோ உள்ள வீட்டில் மட்டும் கம்பி போட்ட மரத்தொட்டில் வாங்கலாம். கம்பிகளின் இடைவெளி 6 செ.மீ.க்கு மேல் போகக் கூடாது. மெத்தைக்கும் தொட்டில் விளிம்புக்கும் நடுவே இரண்டு விரல் நுழைந்தால் மெத்தை சிறியது என்று பொருள்.

அடுத்தது, பாயின் மேல் குழந்தையைத் தவிர எதுவும் இருக்கக் கூடாது. கடுகுத் தலையணையை முதலில் எடுத்து வையுங்கள். தலை உருண்டையாக வரும் என்பதற்காக வைக்கிறார்கள். தலை தட்டையாவதைத் தடுக்க வேறு வழி இருக்கிறது. ஒவ்வொரு தூக்கத்துக்கும் தலைமாட்டையும் கால்மாட்டையும் மாற்றிப் போட்டால், வெளிச்சமும் அம்மாவின் குரலும் வரும் பக்கம் மாறி, தலை தானாகத் திரும்பும். விழித்திருக்கும்போது, கண்ணெதிரே, நாளில் சில முறை சில நிமிடங்கள் குப்புறப் போட்டு விளையாடவிட்டால் கழுத்தும் உறுதிப்படும். கொசுவலைக் குடை நல்லதுதான், ஆனால் அதோடு செட்டாக விற்கும் குட்டி மெத்தையையும் தலையணையையும் விட்டுவிட்டு வலையை மட்டும் பயன்படுத்துங்கள். முகத்தில் படாத அளவு பெரிதாக இருக்கட்டும். கொசுவத்திச் சுருள் வேண்டாம். கழுத்தில் கட்டிய கறுப்புக் கயிறு, சங்கிலி, கையில் போட்ட வசம்பு வளையல் எல்லாவற்றையும் தூங்கும்போது கழற்றிவிடுங்கள். கண்ணேறு கழிப்பவர்கள் மனம் நோகாமல் இருக்க, கன்னத்தில் மைப்பொட்டு வைத்துக்கொள்ளட்டும்.

இனி தூளி. இதில்தான் வாக்குவாதம் முற்றும். "நாங்கல்லாம் தூளியில வளர்ந்தவங்கதானே?" என்ற கேள்விக்கு, வளராமல் போனவர்கள் வந்து பதில் சொல்ல மாட்டார்கள் என்பதே நேரான பதில், அவர்களைப் பால் புரையேறியது என்றோ சீர் தட்டியது என்றோ சொல்லி முடித்துவிட்டோம். தூளியைக் கரித்துக்கொட்ட வேண்டியதில்லை. ஆட்டம் குழந்தையை அமைதிப்படுத்துகிறது, பழைய பருத்திச் சேலை மென்மையானது, காற்று வரும். சிக்கல், அது உடலைப் பிறை போல வளைத்துத் தாடையை நெஞ்சுக்குக் கொண்டுவருவதிலும், இரண்டு பக்கச் சேலையும் முகத்தருகே கூடுவதிலும், உள்ளே என்ன நடக்கிறதென்று வெளியிலிருந்து தெரியாததிலும் இருக்கிறது. ஸ்பிரிங் தொட்டிலுக்கும் இதெல்லாம் பொருந்தும். கூடவே கொக்கியும் ஸ்பிரிங்கும் தேய்ந்து அறுந்து விழும் ஆபத்து. எனவே தூளி தூங்கவைக்கும் இடமாக இருக்கலாம், தூங்கும் இடமாக வேண்டாம். தொட்டில் கம்பு போட்டு விரித்து, தாழக் கட்டி, பக்கத்தில் உட்கார்ந்து ஆட்டுங்கள். தூங்கியதும் பாய்க்கு மாற்றுங்கள். எடுத்தால் விழித்துக்கொள்ளும் என்பீர்கள். கண் மூடியவுடன் எடுத்தால் விழிக்கும்தான். கையைத் தூக்கிவிட்டால் தொப்பென்று விழும் அளவு தளரும்வரை பொறுத்து, முதலில் இடுப்பு, பிறகு முதுகு, கடைசியாகத் தலை என்று பாயில் இறக்கி, ஒரு நிமிடம் நெஞ்சில் உள்ளங்கையை வைத்திருங்கள். சில நாட்கள் தோற்பீர்கள். பிறகு பாய் பழகிவிடும். இன்னொன்று: காலியான தூளியை உடனே அவிழ்த்துவிடுங்கள். அதில் விளையாடிய மூத்த குழந்தையின் கழுத்தில் சேலை முறுக்கிக்கொண்ட செய்தி தமிழ்நாட்டுப் பத்திரிகைகளில் திரும்பத் திரும்ப வருகிறது.

சாய்ந்த நிலையில் உட்காரவைக்கும் எல்லாச் சாதனங்களுக்கும் இதே கணக்குதான். கார் இருக்கை பயணத்துக்கானது. வீடு வந்ததும் குழந்தை அதிலேயே தூங்கட்டும் என்று விடக் கூடாது. அமெரிக்காவில் 2019-ல் ஒரே நிறுவனத்தின் சாய்வுத் தொட்டில்கள் 47 லட்சம் திரும்பப் பெறப்பட்டன. 2022-ல் 10 பாகைக்கு மேல் சாய்ந்த தூக்கச் சாதனங்களையே அந்நாடு சட்டம் போட்டுத் தடைசெய்தது. நாமோ அதே மாதிரிப் பொருளைச் சீமந்தத்துக்கும் பெயர் சூட்டலுக்கும் பரிசாகத் தருகிறோம். எல்லாவற்றிலும் மோசம், பெரியவர் சோபாவில் சாய்ந்து குழந்தையை நெஞ்சில் போட்டுக்கொண்டு கண்ணயர்வது. பால் கொடுக்கும் அம்மாவுக்குத் தூக்கம் வருவது இயற்கை. தூங்கிவிடுவோம் என்று தோன்றினால் சோபாவைவிடத் தரைப்பாய்க்குப் போவது நல்லது.

சூட்டைப் பற்றி நம் ஊரில் பேசியே ஆக வேண்டும். குளிப்பாட்டி, குல்லா, கையுறை, காலுறை மாட்டி, போர்வை சுற்றி, சன்னலையும் சாத்திவிடுகிறோம். உடல் சூடேறுவதும் தூக்கத்தில் நேரும் திடீர் இறப்பின் ஆபத்தைக் கூட்டுகிறது. குழந்தை தலைவழியாகத்தான் அதிகம் வெப்பத்தை இழக்கிறது, அதை மூடக் கூடாது. சித்திரை வெயிலில் ஒரு பருத்திச் சட்டை தாராளம். கழுத்துக்குப் பின்னால் தொட்டுப் பாருங்கள், வேர்த்திருந்தால் துணி அதிகம். மின்விசிறி போட்டால் சளி பிடிக்கும் என்பதற்குப் பயப்பட வேண்டாம். 2008-ல் கலிபோர்னியாவிலிருந்து வந்த ஆய்வொன்றில், விசிறி சுழலும் அறையில் தூங்கிய குழந்தைகளுக்கு ஆபத்து குறைவாக இருந்தது. குளித்ததும் போடும் சாம்பிராணிப் புகையை நிறுத்திவிடுங்கள். பீடி சிகரெட்டைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

குழந்தை தானாகப் புரளத் தொடங்கியதும் துணியில் கட்டிச் சுற்றுவதை விட்டுவிட வேண்டும். இரண்டு பக்கமும் சுலபமாகப் புரளத் தெரிந்த பிறகு, தூக்கத்தில் குப்புறத் திரும்பினால் திருப்பிப் போட்டுக்கொண்டே இருக்கத் தேவையில்லை. படுக்க வைக்கும்போது மட்டும் எப்போதும் மல்லாக்க.

இதெல்லாம் அம்மாவுக்குத் தெரிந்தால் மட்டும் போதாது. அமெரிக்காவில் 2000-ல் வெளியான ஆய்வொன்று, தூக்கத்தில் நேரும் திடீர் இறப்புகளில் ஐந்தில் ஒன்று காப்பாளரிடம் இருந்த நேரத்தில் நடந்ததையும், அவற்றில் மூன்றில் ஒரு பங்கு அப்படி விடத் தொடங்கிய முதல் வாரத்திலேயே நடந்ததையும் கண்டது. மல்லாந்து தூங்கிப் பழகிய குழந்தையைப் புதியவர் குப்புறப் போடும்போது ஆபத்து பன்மடங்காகிறது. பாட்டியோ, பக்கத்து வீட்டு அக்காவோ, காப்பகமோ, யாரிடம் விட்டுவிட்டு வேலைக்குப் போனாலும், முதல் நாளே பகல் தூக்கம் எங்கே என்று கேளுங்கள். வாயால் சொன்னதோடு விடாமல், இடத்தைக் காட்டச் சொல்லுங்கள். பாயைக் கையோடு கொண்டுபோய் நீங்களே விரித்துக் காட்டினாலும் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.